படத்துல இல்லாததைப் பாரு, மாப்ளே

குடும்பத்தோட சிங்கப்பூர் போறியாம். ரொம்ப சந்தோஷம். டிக்கெட் போட்டாச்சு, விசாவுக்கு ஏஜென்ட்கிட்ட குடுத்தாச்சு, ஓட்டல் மட்டும்தான் பாக்கின்னு எங்கக்கா சொல்லுச்சு. பாக்கி வெச்சிருக்கியே, அதுதான்டா தலை, மத்ததெல்லாம் வாலு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுற பையன், உனக்குத் தெரியாததை நான் சொல்லிடப் போறதில்ல. ஆனாலும் தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கிறது மொய் எழுதறதுக்கு மட்டும் இல்லியே.

நேத்து செல்லுல ஒரு ஓட்டலைக் காட்டினியே, பிரமாதம். நீச்சல் குளம் என்ன, வெள்ளை மெத்தை என்ன, மெத்தை மேல துண்டை மடிச்சு அன்னப்பட்சி செஞ்சு வெச்சிருக்கிற அழகென்ன! உங்கம்மாவுக்கு முட்டிவலி வந்தா அந்த அன்னப்பட்சியை வெந்நீர்ல நனைச்சு ஒத்தடம் குடுக்கலாம். வாசல்ல எத்தனை படி, எதுத்தாப்ல என்ன கடை, ஜன்னலைத் திறந்தா சுவரா தெருவா, இதுல ஒண்ணுகூட அந்தப் படத்துல இல்ல. ஓட்டல்காரன் காட்டாம விட்டது எதுவோ, அதுதான் நீ பாக்க வேண்டியது.

இதை நமக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா? நாம ஒகேனக்கல்காரங்க. தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, "அருவிக்கு நடந்தே போயிரலாமா?"ன்னு கேட்டவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கோம்! அங்கிருந்து அருவி 46 கிலோமீட்டர். ஆத்தைப் பாத்த ரூமுன்னு சொல்லி பணத்தை வாங்கிருவாங்க. ஆறு தெரியணும்னா மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கணும். ஆடிப் பதினெட்டுக்கு வந்து, கேட்ட வாடகையைக் குடுத்துட்டு, பிள்ளைகுட்டியோட முழிச்சிக்கிட்டு நின்னவங்க மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சோமே, மாப்ளே, சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினதும் அந்த மூஞ்சி உன்னுது.

முதல்ல, "சிங்கப்பூருக்கு மிக அருகில், பாதி விலை"ன்னு விளம்பரம் வருமே, அதைச் சொல்றேன். மேப்புல பாத்தா நெசமாவே பக்கம்தான். நடுவுல ஒரு பாலம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 1924-ல திறந்தது. ஆனா அந்தக் கரை ஜொகூர் பாரு, மலேசியா. காலையில குழந்தைங்களை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு நாட்டை விட்டு வெளிய வந்து இன்னொரு நாட்டுக்குள்ள நுழையணும். சாயங்காலம் மறுபடியும் அதே வரிசை. உன் விசா ஒரு தடவை நுழையறதுக்கா, பல தடவைக்கான்னு வேற பாக்கணும். வாடகையில மிச்சம் புடிச்ச காசுக்கு, உங்கம்மா பாஸ்போர்ட்டு நெறைய முத்திரை சேத்துக்கும். எங்கக்காவுக்கு அது ஒரு பெருமைதான்.

அடுத்தது சிங்கப்பூருக்குள்ளயே இருக்கிற கேலாங். ஊருக்கு நடுவுல, ரயிலுக்குப் பக்கத்துல, வாடகையும் கம்மி. இத்தனையும் ஒண்ணா அமைஞ்சா நம்ம ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு புக் பண்ணிருவாங்க. அங்க சந்துக்கு லோரோங்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. இரட்டைப்படை லோரோங் சிலதுல சாயங்காலம் விளக்குப் போட்டா சிவப்பாத்தான் எரியும். சில ஓட்டல்ல ரூமை மணிக் கணக்குக்கும் விடுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு ரூம் எடுக்கிறவன் தூங்கவா எடுக்கிறான்? உன் ஏழு வயசு மகள் ஒவ்வொண்ணுக்கும் "ஏம்ப்பா, ஏம்ப்பா"ன்னு கேக்கிற ரகம். நீ பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள திரும்பி வர்ற தேதியே வந்துரும். கேலாங்கை நான் குறை சொல்லல. அங்க நல்ல சாப்பாட்டுக் கடைங்க இருக்குது. கேலாங் ஈஸ்ட் பக்கம் சிவன் கோயிலே இருக்குது. ஆனா கோயில் வேற திசை, லோரோங் வேற திசை. ஒரு காலத்துல அந்த ஊருக்குக் கட்டட வேலையில கலவை போடப் போன மாமனுக்கு இந்தத் திசையெல்லாம் எப்படித் தெரியும்னு உங்க அத்தை முன்னாடி மட்டும் கேட்டு வெச்சிராதே.

"அப்போ எங்கதான் தங்கறது?"ன்னு உன் வீட்டுக்காரி கேக்குது. பாப்பா கேட்டா ஒழுங்கா பதில் சொல்லணும். சிராங்கூன் ரோட்டை ஒட்டி லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல பாருங்க. அந்தப் பக்கத்துல எருமைப் பேர்லயே தெரு உண்டு. பஃபலோ ரோடுன்னு இங்கிலீஷ்ல ஒண்ணு, மலாய்ல கெர்பாவ் ரோடுன்னு இன்னொண்ணு. ஒரு காலத்துல மாட்டு வியாபாரம் நடந்த இடம். எருமை வெச்சிருக்கிற நமக்கு ராசியான ஏரியா. வீரமாகாளியம்மன் கோயில் நடக்கிற தூரம். 1947-ல இருந்து கோமள விலாஸ் இருக்குது, எங்கக்கா இட்லிக்கு ஏங்க வேண்டியதில்ல. ஏர்போர்ட்ல ரயில் ஏறி எக்ஸ்போ ஸ்டேஷன்ல மாறி டவுன்டவுன் லைனைப் புடிச்சா நேரா லிட்டில் இந்தியாவுலயே இறங்கலாம். போர்டுல தமிழ் இருக்கும், உங்கம்மாவே படிச்சுக்கும். ஆனா ராத்திரி நேரங்கழிச்சு விமானம் இறங்கினா ரயில் இருக்காது. டாக்ஸிக்குக் காசு எடுத்து வை.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருவெல்லாம் ஆம்பளைங்க கூட்டமா நிக்கும். பயந்து ரூமைக் காலி பண்ணிறாதீங்க. ஆறு நாள் கட்டடம் கட்டிட்டு ஒரு நாள் ஊர்க்காரனைப் பாக்க வந்த நம்ம பசங்க. வழி கேட்டா ஓட்டல் வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவான். ஆனா நீ ஒண்ணைக் கவனிச்சுக்கணும், மாப்ளே. 2013 டிசம்பர் 8-ல அங்க ஒரு கலவரம் நடந்துச்சு. அதுக்கப்புறம் 2015-ல சட்டம் வந்து, ஊரு முழுக்க ராத்திரி பத்தரையில இருந்து காலை ஏழு மணி வரைக்கும் பொது இடத்துல குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவுலயும் கேலாங்லயும் சனி ஞாயிறு இன்னும் கெடுபிடி. நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். உன் சிநேகிதனுக்குச் சொல்லு.

ஏரியா முடிஞ்சுது, இனி கட்டடத்துக்கு வருவோம். "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்"னு போட்டிருப்பான். அது யாரு காலுக்கு அஞ்சு நிமிஷம்? உங்கம்மா முட்டிக்கு, ரெண்டு பெட்டியோட, மழையில எவ்வளவு நேரம் ஆகும்னு போட்டுப் பாரு. பழைய கடைவீடுகளை அழகு மாறாம ஓட்டலாக்கி வெச்சிருப்பாங்க. படத்துல சினிமா செட்டு தோத்துரும். அதுல சிலதுல லிஃப்ட் கிடையாது, செங்குத்தா படிக்கட்டுதான். முன்னாடியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்துல வாங்கிக்க. சின்னப் பசங்களோட அஞ்சு பேர் போறீங்க, ஒரே ரூமுல படுத்துக்கலாம்னு நினைக்காதே. ரூமுக்கு இத்தனை பேருன்னு கணக்கு வெச்சிருப்பான். ரெண்டு ரூமுன்னா நடுவுல கதவு போட்ட ஜோடி ரூமாக் கேளு. பக்கத்துப் பக்கத்து ரூமுன்னு சொன்னா நடுவுல கதவு இருக்கணும்னு இல்ல. ராத்திரி பாட்டியைத் தேடி பேரன் வராந்தாவுல அலைவான்.

விலை கம்மியா இருக்கிற ரூம்ல "ஜன்னல் இல்லை"ன்னு கண்ணுக்குத் தெரியாத எழுத்துல போட்டிருப்பான். சிங்கப்பூர்ல அது சகஜம். இந்த இடத்துல மட்டும் நான் கிண்டலை நிறுத்திக்கிறேன். 2025 ஏப்ரல் 29 ராத்திரி கொல்கத்தா படா பஜார் பக்கம் ஒரு ஓட்டல்ல தீப்பிடிச்சுது. 14 பேர் போயிட்டாங்க. கரூர்ல இருந்து ஊர் சுத்திப் பாக்கப் போன குடும்பத்துக் குழந்தைங்களும் அதுல உண்டு. தீயை விடப் புகைதான் அதுல பெரும்பாலான பேரைக் கொண்டு போச்சு. 1980-ல அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல ஒரு பெரிய ஓட்டல் எரிஞ்சு 85 பேர் செத்ததும் அப்படித்தான். நெருப்பு கீழ, செத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மேல் மாடியில. அதனால ரூமுக்குப் போனதும் பெட்டியைப் பிரிக்காதே. குழந்தைங்க கையைப் புடிச்சுக்கிட்டு அவசரப் படிக்கட்டு வரைக்கும் ஒரு நடை போய் வா. நடுவுல எத்தனை கதவுன்னு எண்ணச் சொல்லு. புகையில கண்ணு தெரியாது, எண்ணி வெச்ச கை தடவிக்கிட்டே போயிரும். அந்தப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தா அன்னிக்கே ரூமை மாத்து. உயரத்துல தங்கினா ஊரு அழகாத் தெரியும், இறங்கறதுக்கு நேரமாகும்.

சரி, காசுக்கு வருவோம். நம்ம ஊர்ல ப்ளஸ் டூ பாஸ் பண்ணினா லட்டு குடுப்பாங்க. அங்க விலைக்குப் பின்னாடி ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா நீ லட்டு குடுக்கணும். முதல் ப்ளஸ் சர்வீஸ் சார்ஜ், நூத்துக்குப் பத்து. ரெண்டாவது அவங்க ஊரு ஜிஎஸ்டி, 2024 ஜனவரியில இருந்து நூத்துக்கு ஒம்பது. அதையும் சர்வீஸ் சார்ஜைச் சேத்த தொகை மேலதான் போடுவான். 100 வெள்ளின்னு பாத்த ரூம் 119 வெள்ளி 90 காசுல வந்து நிக்கும். எல்லாம் சேத்து எவ்வளவுன்னு கேட்டுட்டு அப்புறம் பேரம் பேசு.

நேரத்தையும் கணக்குப் போடு. அவங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி முந்தி ஓடுது. ராத்திரி பெங்களூர்ல ஏறினா விடியக்காலம் அங்க இறங்கிருவே. ரூமு பகல் ரெண்டு மூணு மணிக்குத்தான். அது வரைக்கும் எங்கக்காவை வரவேற்பறை சோபாவுல பொம்மையா உக்கார வெச்சிருவியா? பெட்டியை வாங்கி வெப்பானா, சீக்கிரம் ரூம் தர எவ்வளவு கேப்பான்னு இப்பவே கேட்டு வை. விசா கைக்கு வராத வரைக்கும், ரத்து பண்ணினா காசைத் திருப்பித் தர்ற ரூமாப் பாத்துப் போடு. அவங்க வருகை அட்டையைப் போய்ச் சேர்றதுக்கு மூணு நாளைக்குள்ள நெட்டுல நிரப்பணும், தங்கற விலாசம் அதுல கேப்பான். அது இலவசம். காசு கேட்டா அது சர்க்கார் தளம் இல்ல, வேற எவனோ.

ஓட்டலே வேண்டாம், யாரோ வீட்டை நாள் வாடகைக்கு எடுத்து எங்கக்கா களி கிண்டட்டும்னு ஒரு யோசனை வெச்சிருக்கியாமே. அறிவுக்கொழுந்து. அந்த ஊர்ல தனியார் வீட்டை மூணு மாசத்துக்குக் கம்மியா வாடகைக்கு விடக் கூடாது. அரசு அடுக்குமாடி வீட்டுல டூரிஸ்ட்டு தங்கவே கூடாது. மூணு மாசம் களி தின்ன உனக்கு லீவு இருக்குதா? ஓட்டல் கெட்டில்லயும் களி கிண்டாதே. புகை மணி அடிச்சு மொத்த ஓட்டலும் தெருவுல நிக்கும். டுரியான் பழத்தை ரூமுக்குள்ள கொண்டு போகவும் விட மாட்டான். கொண்டு போக வேண்டியது ஒரே ஒரு பிளாஸ்டிக் சொம்பு. ஏன்னு குளியலறைக்குள்ள போனதும் உனக்கே புரியும்.

கடைசியா, அபிப்பிராயம் எழுதியிருப்பாங்களே, அதுல மெச்சி எழுதினதை விட்டுடு. மெச்சறவன் "அருமை"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுக்குவான். ஏசறவன்தான் மூட்டைப்பூச்சி எந்த மூலையில இருந்துச்சுன்னு வரைக்கும் விவரமாச் சொல்லுவான். அதுலயும் போன ரெண்டு மூணு மாசத்துல, குழந்தைங்களோடவும் பெரியவங்களோடவும் போனவன் எழுதினதைப் படி. போனதும் ஓட்டல் விலாச அட்டையை வாங்கி உங்கம்மா சுருக்குப்பையில ஒண்ணு, பசங்க பாக்கெட்டுல ஒண்ணுன்னு போட்டு வை. போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995.

இவ்வளவு பாத்தா பயணம் ருசிக்காதுன்னு நினைக்காதே. இதெல்லாம் பாத்து வெச்சவன்தான் அங்க போய் நிம்மதியாத் தூங்குவான். நான் வரல. எருமையை யாரு பாக்கறது, உங்க அத்தையை யாரு சமாளிக்கறது? இருந்தாலும் அந்த ஓட்டல்காரனுக்கு எழுதும்போது, கூடுதல் கட்டில் போட ராத்திரிக்கு எவ்வளவுன்னு ஒரு வரி சேத்துக் கேட்டு வை. சும்மாதான் கேக்கச் சொல்றேன். என் பாஸ்போர்ட்டு இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லுபடியாகுது.