அபராத ஆலோசனைச் சபை

வாகன ஓட்டிகளுக்கு விதிக்கும் அபராதத்தை உயர்த்தலாமா என்று நம் ஜனங்களில் எவரைக் கேட்டாலும், சற்றும் தயக்கமின்றி, தாராளமாக உயர்த்தலாம் என்றே பதில் வரும்; எந்தக் குற்றத்துக்கு உயர்த்தலாம் என்று அடுத்த கேள்வியைப் போடும்போதுதான், பதில் சொல்பவர் எந்த வாகனத்தில் வந்து இறங்கினார் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டியதாகிறது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் சிமெண்டு பெஞ்சில் கூடுகிற எங்கள் சபைக்கு, இந்தத் தத்துவத்தைப் பரீட்சித்துப் பார்க்க 2022 அக்டோபர் மாதத்தில் ஓர் அரிய சந்தர்ப்பம் வாய்த்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அபராதங்களை ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று ஏற்றும் காரியத்தை மத்திய சர்க்கார் 2019 செப்டம்பர் முதல் தேதியே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் புதிய விகிதம் அமலுக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை வடக்கே நடந்த வைபவங்களைப் பத்திரிகையில் படித்து ரசிக்கும் பாக்கியம் நமக்கு இருந்தது. குருகிராமில் பதினைந்தாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள ஒரு ஸ்கூட்டருக்கு இருபத்து மூவாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள் என்ற செய்தி வந்த அன்று, வண்டியையே போலீஸாருக்குத் தானம் செய்துவிட்டு நடந்து வந்தாலும் எட்டாயிரம் பாக்கி நிற்கும் என்று எங்கள் ஆடிட்டர் மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். குஜராத் சர்க்கார் பத்தே நாளில் மனமிரங்கி, ஹெல்மெட் இல்லாததற்கான ஆயிரத்தை ஐந்நூறாகக் குறைத்தது. அந்த டிசம்பரில் இன்னும் ஒரு படி இறங்கி, நகர எல்லைக்குள் ஹெல்மெட்டே கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டுப் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நகர எல்லைக்குள் விழுகிறவனுக்குத் தலையில் அடிபடாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்களோ தெரியவில்லை.

நம் ஊரிலும் விகிதம் ஏறிய மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஹெல்மெட்டுக்கு ஆயிரம், லைசென்ஸ் இல்லாவிட்டால் ஐயாயிரம், குடித்துவிட்டு ஓட்டினால் பத்தாயிரம், ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டாலும் பத்தாயிரம் என்று பத்திரிகையிலிருந்து தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக வாசிக்க, ஆம்புலன்ஸ் ஷரத்து கரகோஷத்துடன் ஏகமனதாக நிறைவேறியது. குடி விஷயமும் அப்படியே நிறைவேறியிருக்கும். குடித்தவன் ஓட்டும் வண்டியில் கூட உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் உண்டென்று சென்னைப் போலீஸார் அறிவித்திருந்ததை யாரோ ஞாபகப்படுத்த, மருமகப்பிள்ளையின் காரில் கல்யாண ரிஸப்ஷன்களுக்குப் போய்வரும் அங்கத்தினர் ஒருவர் மட்டும் திடீரென்று ஷூவின் நாடாவைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

மற்ற ஷரத்துகளில்தான் சபை இரண்டுபட்டது. காரில் வரும் ஆடிட்டர், "ஹெல்மெட்டுக்கு ஆயிரம் போறாது ஸார், ஐயாயிரம் தீட்டணும்" என்று முழங்கினார், சீட் பெல்ட்டுக்கும் அதே ஆயிரம்தான் என்று கேட்டதும் குரல் தணிந்து, "லஸ்ஸுலேர்ந்து மந்தைவெளிக்குப் போறதுக்குள்ளே எந்தக் கார் நாற்பதைத் தாண்டறது? பெல்ட்டைப் போட்டுண்டு எங்கே பறக்கப் போறோம்?" என்று விசாரத்தில் ஆழ்ந்தார். ஸ்கூட்டரில் வரும் தலைமையாசிரியரோ, வீணாக ஹார்ன் அடிக்கும் கார்க்காரர்களுக்கு ஆயிரம் ரூபாயோடு ஒரு நாள் சிறைவாசமும் தேவை என்று கருதியவர். ஆனால் பால் பூத்துக்குப் போகவும் ஹெல்மெட்டா என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. விபத்து என்பது தாம்பரத்துக்கு அப்பால்தான் நிகழும் என்பது அவருடைய திடமான வேதாந்தம்.

இந்த ஹெல்மெட் விஷயம் நம் ஊரில் தனிப் புராணமாக எழுதத்தக்கது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயம் என்று ஹைகோர்ட் உத்தரவிட்டபோது, கடைகளில் ஹெல்மெட்டுக்கு வந்த கிராக்கியும் ஏறிய விலையும் நினைவிருக்கும். ஆனால் வாங்கிய ஹெல்மெட் எந்த அங்கத்துக்கு உரியது என்பதில் மட்டும் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை. பலர் அதை முழங்கையில் மாட்டினார்கள். பெட்ரோல் டாங்க்கின் மேல் குழந்தையைப்போல் உட்காரவைத்தவர்களும் உண்டு. சிக்னலுக்கு அருகே வெள்ளைச் சட்டையும் காக்கி நிஜாரும் தென்பட்டால் மட்டும் அது தலைக்கு ஏறி, அடுத்த திருப்பத்தில் பழைய ஸ்தானத்துக்கே இறங்கும். அந்த நாளில் அபராதம் நூறு ரூபாய். அதை யாரும் தண்டனையாக எண்ணியதில்லை. வெறுந்தலையோடு போவதற்குச் செலுத்தும் ஒருவகைச் சுங்கமாகவே பாவித்துவந்தார்கள். ஆயிரமாக உயர்ந்த பிறகு தலைகள் மூடப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கன்னத்துப் பட்டை மட்டும் இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

சபையில் அதுவரை வாய் திறவாதிருந்தவர் சமையல் காண்டிராக்டர். முகூர்த்த நாட்களில் விடியற்காலை நாலு மணிக்கு, ஒரே பைக்கில் பரிசாரகர்கள் இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டிரிபிள்ஸில் மண்டபம் போகிறவர் என்பதால், அவர் பேச்சைப் பாரபட்சமற்றது என்று சொல்வதற்கில்லை. "அபராதம் ஏறினா மாமூலும் ஏறும் சார், அவ்வளவுதான். நூறு ரூபா கேஸுக்கு அம்பதுல முடிஞ்சது, ஆயிரம் ரூபா கேஸுக்கு இருநூறுல முடியும்" என்றார். அன்று சொல்லப்பட்ட வாதங்களில் என்னைச் சிந்திக்க வைத்தது இது ஒன்றுதான். சட்டப்படி செலுத்தவேண்டிய ஆயிரத்துக்கும் ரசீதில்லாமல் கைமாறும் இருநூறுக்கும் நடுவே எண்ணூறு ரூபாய் இருக்கிறது. தொகை எவ்வளவுக்கெவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்த இடைவெளியில் நின்று தர்மத்தைக் காப்பாற்றுவது இரு தரப்பாருக்கும் கஷ்டமாகிறது. மடக்குகிறவர் மிஷினில் சலான் போடுகிறாரா, வெறும் கையோடு நிற்கிறாரா என்பதுதான், என் புத்திக்கு எட்டியவரை, விகிதத்தைவிட முக்கியமான விஷயம். சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரிகளே குற்றம் செய்தால் இரட்டிப்பு அபராதம் என்றும், ரோட்டை மோசமாகப் போட்டு அதனால் உயிரோ அங்கமோ போனால் அதற்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்றும் இதே திருத்தத்தில் ஷரத்துகள் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். "அவங்களை எந்த சிக்னல்ல மடக்குறாங்க?" என்று காண்டிராக்டர் விநயமாகக் கேட்டார்.

ஆடிட்டர் சமரசமாக ஒரு யோசனை சொன்னார்: பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தொகை என்பது அநியாயம், வருமானத்துக்குத் தக்கபடி அபராதம் போடவேண்டும் என்று. பின்லாந்தில் அந்த முறை இருக்கிறதென்றும், ஐம்பது கிலோமீட்டர் வேக எல்லையில் எழுபத்தைந்தில் போனதற்காக நோக்கியா கம்பெனி அதிகாரி ஒருவருக்கு 2002ஆம் ஆண்டில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் யூரோ அபராதம் விதித்தார்கள், பின்னர் அதைக் குறைத்தார்கள் என்றும் நான் சொன்னேன். பிறருடைய வருமானம் அனைத்தையும் அறிந்த ஆடிட்டர், தம்முடையதையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்; பின்லாந்து நமக்கு ஒத்துவராது, அங்கே குளிர் அதிகம் என்று பிரேரணையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வாகனம் கிடையாது; ஆகவே எல்லா அபராதங்களையும் நிஷ்களங்கமான மனசுடன் ஆதரிக்கும் தகுதி அந்தச் சபையில் எனக்கு ஒருவனுக்கே இருந்தது. அது பிறர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். "நடுரோட்டிலே கையைக் காட்டிண்டு குறுக்கே வரேளே, அதுக்கு எவ்வளவு போடலாம்?" என்றார் தலைமையாசிரியர். வரிக்குதிரைக் கோடுகள் அழிந்து எத்தனையோ மழைக்காலமாகிவிட்ட ஒரு பட்டணத்தில், உள்ளங்கையைக் காட்டிக் கடப்பது உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்பதையும், பாதசாரியால் எந்தக் காரும் நசுங்கியதில்லை என்பதையும் நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதசாரிகளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று சபை தீர்மானித்தது; என்னுடைய ஆட்சேபத்தையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு எதிர்சாரியில் காபி சாப்பிடுவதற்காக எல்லோரும் லஸ் சர்ச் ரோட்டில் இறங்கினோம். பஸ்ஸைப் பார்த்து முதலில் கையைக் காட்டியவர் ஆடிட்டர்தான்.