சுபம் போட்டால்தான் எழுவோம்

பூசை வைக்கச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தாலே பெரிது என்றிருந்த அறுபதுகளில், மற்ற ஞாயிறுகளில் எங்களைக் கரையேற்றும் பொறுப்பு உபதேசியார் தலையில் விழுந்தது. அவரும் செபமாலையை ஒரே ஓட்டமாக ஓட்டி முடித்துவிட்டு, நாங்கள் எதற்காகக் காத்திருந்தோமோ அந்தக் கதைக்கு வந்துவிடுவார். அவருக்குப் பிடித்தவர் எஸ்தாக்கியார். வேட்டைக்குப் போன ரோமாபுரித் தளபதி மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் திரும்புகிறார்; அதன்பிறகு சொத்து போகிறது, மனைவியைக் கப்பற்காரன் பிடித்து வைத்துக்கொள்கிறான், ஆறு கடக்கையில் ஒரு பிள்ளையைச் சிங்கமும் இன்னொன்றை ஓநாயும் கவ்விக்கொண்டு போகின்றன. மன்னார், யாழ்ப்பாணப் பக்கங்களில் கூத்தாக ஆடும் இந்தக் கதையை உபதேசியார் அரை மணியில் அடக்கி, பிரிந்த குடும்பம் ஒன்றுசேரும் இடத்தில் மட்டும் நிதானமாக நின்று, மூக்கைச் சிந்தி, எங்களையும் சிந்த வைப்பார். அதே குடும்பத்தைக் கடைசியில் வெண்கலக் காளைக்குள் அடைத்துச் சுட்டதை மட்டும், “அப்படியே மோட்சம் போனார்கள்” என்று ஒரே தாவாகத் தாண்டிவிடுவார். காளையைப் பற்றி விவரம் கேட்டவனுக்குக் காது திருகப்பட்டது.

திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளிலும் இதே நியாயம்தான். டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்து 1948-இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’, தேய்ந்து மழை பெய்யும் பிரதியாக எங்கள் தோட்டம்வரை வந்து சேர்ந்தபோது, சித்தியின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்குத் தேவமாதா கைகளைத் திருப்பித் தரும்வரை ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை. இது எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முனியாண்டி கோயில் பூசாரிகூட முன்வரிசையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே, தலைக்கு மேல் கொசு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தை இடம்வலம் மாற்றிப் பார்க்கும் பொடியன்கள்: இன்று புந்தோங் கச்சாங் பூத்தே பிளாஸ்டிக் டப்பாவில் சுற்றுப்பயணிகளுக்கு விற்கிறது, ருசி அப்படியேதான் இருக்கிறது, கொசுதான் குறைகிறது.

ரத்தமும் சகதியும் கதையில் வேண்டும் என்று அன்று யாரும் கேட்டதில்லை. அவை கையிருப்பில் நிறையவே இருந்தன. விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டு, ஈரக் காட்டில் அட்டை, மழை வந்து பால் வடியும் மங்கில் தண்ணீர் நிறைந்தால் அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. சனிக்கிழமை மாலை கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் ஆண்கள், திரும்பிய பிறகு லயத்துச் சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தம். பெரியவர்கள் பேச்சில் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் வந்துபோவார்கள். அவசரகாலத்தில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்கு அரிசி போகிறதா என்று வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்த கதையும் வரும். இத்தனையையும் உடம்பில் சுமந்து வந்து பாய் விரிக்கிறவனிடம் யதார்த்தத்தை நீட்டுவது உப்பளத்துக்காரனுக்கு உப்பு விற்கிற கதைதான்.

இடைநிலைப் பள்ளிக்கு ஈப்போ வந்து, ‘பென்ஹர்’ படத்தில் குஷ்டரோகம் நீங்கிய தாயையும் மகளையும் கண்டு கண்ணீர் விட்டு, லூ வாலஸ் 1880-இல் எழுதிய மூல நாவலைச் சுருக்கப் பதிப்பில் விழுங்கிய சூட்டோடு, நானும் ஒரு சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தேன். நீரோ காலத்து ரோமாபுரி. நான் கண்ட ஒரே படை தோட்டத்துப் பெரட்டு என்பதால், என் ரோம வீரர்கள் விடியற்காலை இருட்டில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். நீரோ காக்கி அரைக்கால்சட்டையும் தொப்பியுமாக வந்து அவர்களை முறைத்தான். கிராணியார் சாயலில் ஒரு செனட்டர் கணக்கெழுதினார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் மனம் திரும்பினார்கள், சிங்கம் உட்பட. ரப்பர் மரம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. சரித்திரம் கப்பலேறிப் போய்ப் பார்க்கவேண்டிய சரக்கு என்பது மீசை அரும்பாத அந்த மேதையின் முடிவு.

அந்த மேதை எழுதிய மேசையிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் பாப்பான் என்ற ஊர் இருந்தது. 1899-இல் மேடானில் பிறந்து, இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்த சிபில் கார்த்திகேசு, இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையாகிவிட்ட பிரூஸ்டர் சாலையில் கணவரோடு மருந்தகம் நடத்தியவர். ஜப்பானியர் வந்ததும் பாப்பானில் ஒரு கடைவீட்டுக்குக் குடிபெயர்ந்து, ஊர் நோயாளிகளோடு காட்டிலிருந்து இறங்கி வந்த கெரில்லாக்களுக்கும் வைத்தியம் பார்த்தார். செபமாலை உருட்டும் கத்தோலிக்கத் தாதி, கடவுள் இல்லை என்ற கம்யூனிஸ்டின் காயத்துக்குக் கட்டுப் போட்டார். ஒளித்து வைத்த ரேடியோவில் பி.பி.சி. கேட்டார். 1943-இல் பிடிபட்டார். சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டியபோதும் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

போர் முடிந்து பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தவரைச் சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. இங்கே சுபம் போட்டிருக்கலாம். ஆனால் தாடையில் பூட்ஸ் காலால் உதைபட்ட பழைய புண் விஷமேறி, 1948 ஜூன் 12 அன்று இறந்துபோனார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது; அவர் காயம் கட்டிய காட்டுப்படையும் அவருக்குப் பதக்கம் தந்த அரசும் எதிரெதிரே நின்றன. ஸ்காட்லாந்தின் லாநார்க்கில் புதைத்த உடல் 1949-இல் ஈப்போவுக்கு வந்தது. அவர் சொன்ன கதை ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் 1954-இல் லண்டனில் புத்தகமாக வந்தது. பிறகு அவர் ஃபேர் பார்க்கில் ஒரு சாலையின் பெயரானார், 2010-இல் அஸ்ட்ரோ தொலைக்காட்சியில் தொடராகவும் ஆனார்.

இன்று எங்கள் லயம் நின்ற இடத்தில் செம்பனை. பெரட்டு என்றால் என்னவென்றே அறியாத என் பேத்தி, குளிரூட்டி ஓடும் அறையில் போர்வைக்குள் சுருண்டு, பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ படிக்கிறாள்: கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஓடிய காலம், சிறுவயதிலேயே விலைமகளாக விற்கப்பட்டவள், ஓசேயா தீர்க்கதரிசியின் சாயலில் அவளை மீட்கும் கணவன். 1991-இல் வந்த நாவலைக் கிறிஸ்தவ வாசகருக்காகச் சற்றுத் துடைத்து 1997-இல் மறுபடி வெளியிட்டார்கள் என்று கேட்டு அவளுக்கு ஒரே வருத்தம். “துடைச்சிட்டா அப்புறம் என்ன தாத்தா இருக்கு?” என்கிறாள். வாழ்க்கையில் சேறு இருந்த நாங்கள் கதையில் மோட்சம் கேட்டோம். காலில் சேறு படாதவள் கதையில் அதைத் தேடுகிறாள். இதற்குப் பெயர்தான் முன்னேற்றம் என்றால், அதை இவளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான், குறைசொல்ல வாயில்லை.

அவளுக்குச் சேறுதானே வேண்டும் என்று சிபிலின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஜெயில்லேர்ந்து வந்த பிறகு அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா தாத்தா?” என்றாள். பாய் விரித்துப் படம் பார்த்த எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் வந்திராத கேள்வி. கைகள் திரும்பி வந்த பிறகு ஞானசௌந்தரி கெட்ட கனவு கண்டாளா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் சிபிலின் புத்தகத்தையே வரவழைத்துக் கொடுத்தேன். முடிவு தெரிந்தால்தான் படத்துக்கே போகிற தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.