மீட்டர் புராணம்

சென்னை ஆட்டோக்களில் மீட்டர் என்று ஒரு வஸ்து இருந்ததற்குப் போதிய ஆதாரங்கள் உண்டு. ஓட்டுநர் துண்டைக் காயப்போட அதைத்தான் வைத்திருந்தார். வண்டி எஃப்சிக்குப் போகிற அன்று மட்டும் கண் விழித்து, அதிகாரி முன்னால் பவ்யமாக ஓடிக் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

2007-ல் அரசு போட்ட கணக்கு: முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 6. ஐந்து கிலோமீட்டர் போனால் 32 ரூபாய். ஸ்டாண்டில் கணக்கு வேறு.

"மயிலாப்பூர் வருமாப்பா?"

"நூறு குடு சார்."

"மீட்டர் போடேன்."

"ரிப்பேர் சார். ரிட்டன் வேற காலியா வரணும்."

வழியில் இரண்டு சவாரி ஏற்றி இறக்கிவிட்டுத்தான் அந்தக் காலி வண்டி திரும்பும். மழை பெய்தால் மழைக்கு ஒரு ரேட்டு, ஒன்வே என்றால் 'சுத்திக்கினு போவணும்'. மனசாட்சி உள்ளவர் மீட்டர் போடுவார். அது சூடு வைத்த மீட்டர், சிக்னலில் நிற்கும்போதும் மூச்சு வாங்க ஓடும். 1995-ல் 'பாட்ஷா' வந்தபோது ஆட்டோக் கண்ணாடிகளில் ரஜினி ஏறினார். மீட்டர் கொடிதான் இறங்கவில்லை.

அரசும் சளைத்ததல்ல. பெட்ரோல் எழுபதைத் தாண்டியும் அந்த 14 ரூபாய் அசையவில்லை. நாள் வாடகைக்கு வண்டி எடுத்தவர் அந்த ரேட்டில் யோக்கியராக ஓட்டியிருந்தால் ராத்திரி ஓனருக்குக் கொடுக்கக் கைமாற்றுத்தான் வாங்கியிருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போய், 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் 12 என்று ஆனது. போலீஸ் மடக்கி மடக்கிக் கேட்டதில் கொஞ்ச காலம் மீட்டர் நிஜமாகவே ஓடியது. பேரம் பேசாமல் ஏறிய பயணிக்குத்தான் வழி நெடுக என்னவோ போலிருந்தது.

ரசீது அடிக்கும் ஜிபிஎஸ் மீட்டர் இலவசமாக வரும் என்று ஜெயலலிதா அறிவித்தார். அது வழியிலேயே தொலைந்துவிட்டது. இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவியாம்!

பிறகு அரசு தூங்கப் போனது. 2025 பிப்ரவரியில் சங்கங்களே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் 18 என்று கட்டணம் அறிவிக்க, திடுக்கிட்டு எழுந்து "செல்லாது" என்றது.

யாருக்கு அதில் அக்கறை? எல்லாரும் ஆப்புக்கு மாறியாயிற்று. புக் செய்த மறுநிமிடம் போன் வருகிறது:

"ஆப்புல எவ்ளோ காட்டுது சார்? மேல ஒரு அம்பது போட்டுக் குடுத்தா வரேன்."