காவிரிப் படுகையில் ஹைட்ரஜன் எடுத்தல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

காவிரிப் படுகை கோள்களைக் குடியமர்த்திய பூமி. சூரியனார் கோயில் தொடங்கிக் கீழப்பெரும்பள்ளம் வரை ஒன்பதுக்கும் தலம் உண்டு. பரிகாரம் உண்டு, சிறப்புப் பேருந்தும் உண்டு. கோள்களுக்கு அப்பாலுள்ள நெபுலாக்களுக்கோ ஒரு மாடக்குழிகூட இல்லை. (விண்மீன்களான கார்த்திகைப் பெண்கள் முருகனை வளர்த்த தகுதியில் உள்ளே வந்தவர்கள், கணக்கில் சேரார்.) இந்த அநீதியைக் களையவே, 2008-இல் வெளிவந்த கேனான் 1000டி கேமரா பல்லாண்டுகளுக்குப் பின் பீரோவிலிருந்து இறக்கப்பட்டது. புதிது வாங்கப் பணமில்லை என்பது ஆய்வுக்குப் புறம்பானது.

களம், திருவையாற்றுப் பக்கம் ஒரு வரப்பு. காலம்தான் சிக்கல். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குச் சொந்தம். மார்கழியில் வானம் தெளிந்தாலும் பனி லென்ஸில் இறங்கிவிடும். சித்திரையில் சென்சார் கொதிக்கும். ஏறத்தாழ 6 பாகை வெப்பம் ஏறினால் வெப்பத்தால் சென்சாரில் எழும் பொய்ச் சமிக்ஞை இருமடங்கு. மிஞ்சுவது தையும் மாசியும். அப்போதோ சம்பா அறுவடை. அறுப்பு மெஷின்கள் முகப்பு விளக்கோடு இரவிலும் ஓடும். சோற்றுக்கும் நெபுலாவுக்குமான இவ்வழக்கில் ஆய்வாளர் சோற்றின் கட்சி.

துருவ நட்சத்திரமும் ஒத்துழைக்கவில்லை. ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும். தஞ்சாவூரில் 11 பாகைக்கும் சற்றுக் குறைவு. அந்த உயரத்துக்குத் தென்னைகள் முன்பே பட்டா வாங்கிவிட்டன. ஆகவே, துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துப் பொருத்தவேண்டிய, வானத்தோடு சுழலும் கருவியைக் கைவிட்டு, 50 மி.மீ. லென்ஸில் ஐந்தைந்து விநாடியாக நிறைய எடுத்து அடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 16 படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகும். கொசுக்கடிக்கு இத்தகைய சூத்திரம் இல்லை.

ஆயினும் தலையாய கண்டுபிடிப்பு கேமரா பற்றியதன்று. நள்ளிரவில் முக்காலியோடு வயலில் நிற்பவனை டெல்டா எந்த இனத்தில் சேர்க்கிறது என்பது பற்றியது. நெல்லுக்குக் காவலிருந்த பெரியவர் டார்ச்சோடு வந்தார்.

“யாருப்பா அது? சர்வேயா?”

“இல்லீங்கய்யா, போட்டோ எடுக்கிறேன்.”

“இருட்டுல என்னத்த?”

“ஹைட்ரஜனுங்க.”

மீத்தேனையும் ஹைட்ரோகார்பனையும் எதிர்த்துப் போராடி, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பெற்ற மண் இது. இங்கே ‘ஹைட்ரோ’ என்பதற்கு மேல் யாரும் காதுகொடுப்பதில்லை. களத்திலிருந்து மேலும் சிலர் டார்ச்சுகளோடு சேர்ந்துகொண்டனர்; அவ்வொளியில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்போஷர்கள் யாவும் பாழ்.

ஆய்வாளர் தம் தரப்பை விளக்கினார். ஹைட்ரஜன் இருப்பது ஓரியன் நெபுலாவில். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவு. போர் போட எட்டாது. அது 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. சென்சாருக்கு முன்னால் கம்பெனியே பொருத்திய வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் வானப் படக்காரர்கள் அதைக் கழற்றி எறிகிறார்கள். இந்தக் கேமராவில் கழற்றவில்லை. ஆக, ஹைட்ரஜனை எடுக்க இதற்கு வக்கில்லை.

பெரியவர் கேமராவின் பின்திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கொஞ்சம் செவப்பு வந்திருக்கே தம்பி. மொதல்ல அத அழி.”