டீசல் முள் அளவையியல்: ஒரு முன்னாய்வு

பழைய லாரியின் டேஷ்போர்டில் டீசல் முள் கீழே படுத்துக் கிடந்தால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். டேங்கில் டீசல் இல்லை என்பது ஒன்று. ஒயரில் கரண்ட் இல்லை என்பது மற்றொன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர் வாயிலாக அளவைகளை அடுக்கிய சாத்தனார், சங்ககிரியிலிருந்து ஒரு லோடு லாரியில் ஏறி வந்திருந்தால் இந்தச் சிக்கலுக்கென்றே தனிக் காதை பாடியிருப்பார்.

சேலம், நாமக்கல் சமவெளியில் அவற்றுள் மூன்று அளவைகள் இன்றும் வழக்கில் உள்ளன. டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பது காண்டல். வண்டி சமதளத்தில் நின்றால் குச்சி பொய் சொல்லாது. தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் நிறுத்திவிட்டுக் குச்சியைக் குறை சொல்லக் கூடாது. "ராசிபுரத்துல அடிச்சது, கரூர் தாண்டும்" என்று டிரைவர் சொல்வது கருதல். "போன வாரந்தானப்பா ஃபுல் பண்ணுனோம்" என்று முதலாளி போனில் சொல்வது உரை. இம்மூன்றில் உரையை நம்பியவர்களே அதிகம் ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள் என்பது ஆய்வாளரின் துணிபு.

எந்தச் சாத்திரமும் ஏற்காத நான்காவது அளவை ஒன்றுண்டு: தட்டல். விரல் முட்டியால் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினால் முள் சில நேரம் எழுந்து நிற்கும். கண்ணாடிக்கு இதில் பங்கில்லை; பின்னால் லூசாகக் கிடந்த ஒயர் ஒரு கணம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி நூலுக்குள் நுழைவோம். பல பழைய மீட்டர்களில் முள்ளுக்குப் பின்னால் ஈருலோகப் பட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சாவி போட்டதும் முள் சோம்பல் முறித்து ஏறுவது இதனால்தான். எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்பதை டேங்குக்குள் இருக்கும் மிதவையின் கை தீர்மானிக்கிறது. மிதவையில் பொத்தல் விழுந்து டீசல் புகுந்தால் ஃபுல் டேங்கிலும் முள் எழாது. கை உரசுமிடம் தேய்ந்திருந்தால் பாதி டேங்கில் முள் செத்துச் செத்துப் பிழைக்கும்.

குற்றம் மீட்டரிலா டேங்கிலா என்றறிய, சாவியைப் போட்டுக்கொண்டு, டேங்க் மேலுள்ள ஒயரைக் கழற்றி, சுரண்டிய இரும்பில் சில விநாடி தொட வேண்டும். இவ்வகை மீட்டரில் முள் மேலேறினால் மீட்டர் நல்லது. குற்றவாளி டேங்கில் இருக்கிறான். (லோடு ஏற்றிய கேஸ் டேங்கரில் இந்தத் தீப்பொறி ஆராய்ச்சி கூடாது. நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.) ஹெட்லைட் போட்டதும் டீசல் முள் இறங்குகிறதா? எர்த். டீசல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் ஒன்றாகப் பொய் சொல்கின்றனவா? டேங்கைப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் பொதுவான சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள். இந்தத் துறையின் பன்மைவாதம் எல்லாம் கடைசியில் எர்த் என்னும் ஒருமைவாதத்தில் போய் அடங்கிவிடுகிறது.

எர்த் ஏன் போகிறது? எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எஃப்.சி. என்றால் பட்டறை, பட்டறை என்றால் பெயிண்ட். சேஸிஸில் எர்த் ஒயர் உட்காரும் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்திலும் பளபளவென்று இரண்டு கோட்டிங் கொடுத்து, அதன்மேலேயே ஒயரை முறுக்கிவிடுகிறார்கள். பெயிண்டில் கரண்ட் ஓடாது. வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி வெளியே வருகிறது, முள் படுத்துவிடுகிறது. முதலாளி புது மீட்டர் வாங்குகிறார். அதுவும் படுக்கிறது.

டீசல் முள்ளின் பொய் பணத்தோடு போய்விடும். டெம்பரேச்சர் முள்ளின் பொய் எஞ்சினைத் தின்னும். ஒயர் அறுந்தால் பெரும்பாலும் அந்த முள் குளிர்ச்சிப் பக்கமே சாயும். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் ஆவியில் தொங்கும்போதும் குறைத்தே காட்டக்கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும்போது முள் சில்லென்று இருந்தால் மகிழ வேண்டாம். வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள், ஆனால் சூடு தணியும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

பெயிண்டர் அண்ணன்மார்களுக்கு ஒரே விண்ணப்பம்: எர்த் போல்ட் அடியில் பிரஷ் போட வேண்டாம்.