வெளுத்ததெல்லாம் பால் அல்ல

பவளப்பாறை பற்றிக் கேளுங்கள் என்றதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து. பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் கூர்மையாகத்தான் கேட்பார்கள்.

பவளப்பாறை செடியா, பிராணியா, கல்லா? பரீட்சைக்கு எதை எழுத, சார்?
– பத்தாம் வகுப்பு மாணவி, காயல்பட்டினம்

ஒரு மார்க் கேள்வி என்றால் ‘பிராணி’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போம்மா. ஐந்து மார்க் என்றால் மூன்றையும் எழுது. காலில் பட்டால் எரியுமே சொறி மீன், பவளம் அதற்குத் தாயாதி. ஒவ்வொரு பிராணியும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்: ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். உட்கார்ந்த இடத்தில் தனக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிக்கொண்டே போகும், அதுதான் கல். செடியின் வேலையைச் செய்வது அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசி. வெயிலில் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் பிழைப்பில் 90 சதவீதம் வரை இந்த வாடகைதான். இப்படி ஒரு குடித்தனக்காரர் சென்னையில் இருந்தால் முகவரி அனுப்பவும்.

பவளம் வெளுத்துவிட்டது என்று செய்தி வருகிறதே, செத்துவிட்டது என்று அர்த்தமா?
– வாசகர், மதுரை

இல்லை, பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும். உள்ளே இருக்கும் பாசி நஞ்சு கக்கத் தொடங்கும். வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் குடித்தனத்தைக் காலி செய்துவிடுவார். நிறமும் பாசியோடு போய்விடும். கண்ணாடி போன்ற சதைக்கு அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் அந்த எலும்பின் மேல் வேறு பாசி பச்சையாகப் படரும். பச்சை கண்டு சந்தோஷப்பட வேண்டாம், அது கல்லறைப் புல்.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது பெரிதாக நடந்தது. 2016-க்கு முன் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு, பிறகு சுமார் 23 சதவீதம். ஒரே கோடையின் கணக்கு இது.

மன்னார் வளைகுடாவில் தீவுகள் எத்தனை? ஒரு புத்தகத்தில் 21, இன்னொன்றில் 19.
– போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்

தேர்வுக்கு 21. படகில் போய் எண்ணினால் 19. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன.

அவை தாமாக மூழ்கவில்லை. தீவைச் சுற்றியுள்ள பவளத்தைப் பல பத்தாண்டுகள் கடப்பாரை போட்டுப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தோம். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, வீட்டுச் சுவருக்குப் போனது, ஆலைக்குப் போனது. அதற்கு முன்பும் எடுத்தார்கள், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பவளக் கல்லின் துளைகள் தெரியும். யாழ்ப்பாணக் கோட்டையிலும் தெரியும். ஆனால் தேவாலயம் கட்டுகிற வேகம் வேறு, ஆலைக்கு அள்ளுகிற வேகம் வேறு. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அலையை முதலில் வாங்கிக்கொள்வது பாறை. அதை எடுத்துவிட்டால் அலை நேரே மணல் திட்டின் மேல் விழுகிறது. திட்டு கரைகிறது.

1986-லேயே இந்தத் தீவுப் பகுதி தேசியப் பூங்கா. பவளம் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது 2001-ல். நடுவே 15 ஆண்டுகள் பூங்காவுக்கு வேலி இருந்தது, ஆனால் உள்ளே இருந்ததைக் கல் என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். கல்லை உடைத்தால் யாருக்குக் கோபம் வரும்?

நான் போட்டிருக்கும் நவரத்தின மோதிரத்துப் பவளம் ராமேஸ்வரத்துக் கடலில் எடுத்ததா, ஐயா?
– வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா, நிம்மதியாகப் போடுங்கள். அது உண்மையான செம்பவளமாக இருந்தால் இத்தாலிப் பக்கத்து மத்தியதரைக் கடலில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் பாறைகளைக் கட்டும் பவளம் வேறு இனம். வெயில் இல்லாமல் வாழாது. செம்பவளமோ பாசியை நம்பாமல், இருண்ட குகைகளிலும் ஆழத்திலும் வளரும். பழைய வியாபாரம்தான். ரோமாபுரிப் பெண்கள் இந்திய முத்துக்கு ஏங்குவதுபோல இந்தியர்கள் பவளத்துக்கு ஏங்குகிறார்கள் என்று பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் முத்து அங்கே, அவர்கள் பவளம் இங்கே. தன் கடலில் கிடைப்பதை மதிக்கும் வழக்கம் இரண்டு பக்கமும் இல்லை.

ராமேஸ்வரத்தில் தண்ணீரில் மிதக்கும் கல் காட்டினார்கள். அதுவும் பவளமா?
– யாத்திரை போய்வந்தவர், கும்பகோணம்

இருக்கலாம். செத்த பவளத்தின் துளைகளில் காற்று அடைபட்டால் சில துண்டுகள் மிதக்கும். எரிமலை நுரைக்கல்லும் மிதக்கும். 1883-ல் கிரகடோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போனது. நீங்கள் பார்த்தது எது என்று கையில் வாங்கிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். யார் போட்ட கல் என்பது என் துறை இல்லை.

சுனாமியில் எங்களைக் காப்பாற்றியது பவளப்பாறைதான் என்கிறார்கள். உண்மையா, உபசாரமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

இரண்டு சாட்சிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று முரணாக. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையில் பவளம் ஓரளவு காக்கப்பட்டிருந்தது. அங்கே அலை இரண்டு மூன்று மீட்டர் உயரம், ஊருக்குள் 50 மீட்டர் தூரம். மூன்று கிலோமீட்டர் வடக்கே பெரலியவில் பவளத்தை வெடி வைத்தும் அள்ளியிருந்தார்கள். அங்கே 10 மீட்டர் அலை ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே வந்தது. அலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த ரயில் நின்றது அங்கேதான். ஆனால் இந்தோனேசியாவின் அச்சே பக்கம் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், அவ்வளவு பெரிய அலைக்கு முன் பாறை இருந்ததும் இல்லாததும் ஒன்றே, கரையின் சரிவுதான் விதியைத் தீர்மானித்தது என்றார்கள்.

எனக்கு, பாறை ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலைதான் முக்கியம். உலகெங்கும் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், கரைக்கு வரும் அலையின் ஆற்றலில் சராசரி 97 சதவீதத்தைப் பவளப்பாறை உறிஞ்சிவிடுகிறது என்று தெரிந்தது. சுனாமி என்றோ ஒருநாள் வரும். அலை தினமும் வருகிறது.

தேன்நிலவுக்கு மாலத்தீவு போகிறோம். அந்த வெள்ளை மணல் எப்படி அவ்வளவு மென்மை?
– புதுமணத் தம்பதி, கோவை

திரும்பி வந்த பிறகு படியுங்கள். கிளிமீன் பவளத்தைக் கடித்து அரைத்து, அதிலுள்ள பாசியை ஜீரணித்து, மிச்சத்தைப் பின்பக்கமாக விடுகிறது. மாலத்தீவில் ஒரு தீவில் அளந்து பார்த்ததில் புதிதாகச் சேரும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் இந்த வழியில் வந்தது. வாழ்த்துகள்.

பவளங்களுக்குக் கல்யாணம் உண்டா?
– வாசகர், பழனி

முகூர்த்தம் மட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மாபெரும் தடுப்புப் பவளத்திட்டில், வசந்தத்தில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் கருமுட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை ராத்திரியில் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பாசி எடுக்கும் பெண்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் தடுத்துவிட்டால் பவளம் பிழைக்காதா?
– வாசகர், சென்னை

சென்னையிலிருந்து தடுப்பது சுலபம். அவர்கள் காலும் நங்கூரமும் பவளத்தை உடைக்காது என்று சொல்லவில்லை. கிளிமீனையும் பாசி மேயும் மற்ற மீன்களையும் அளவுக்கு மேல் பிடித்தாலும் பாசி பவளத்தை மூடிவிடும். ஆனால் அடியைச் சுரண்டும் இழுவலை, அறுந்து பாறையில் சுற்றிக்கொண்ட வலை, ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு என்று வரிசை நீளம். தொழிலுக்காக வளர்க்கக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி ஒன்று, குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்ததை 2008-ல் பதிவு செய்தார்கள். அதைக் கொண்டுவந்தவர்கள் யாரும் முழங்கால் தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்கள் இல்லை.

ஒரே சொல்லில் முதல் எதிரி?
– வாசகர், சேலம்

சூடு.

சிமென்ட்டில் செயற்கைப் பாறை போடுகிறார்களே, பலன் உண்டா?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்து மறையும் நிலைக்கு வந்தபோது, 2015 முதல் அதைச் சுற்றித் துளையுள்ள சிமென்ட் அமைப்புகளை இறக்கினார்கள். அலை தளர்ந்தது, மணல் சேர்ந்தது, மீன் குடியேறியது. காரைச்சல்லித் தீவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கும் இது தேவை. உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டி நடுகிறார்கள், வளர்கிறது. ஆனால் சிமென்ட்டால் தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. 2023-ல் தொடங்கிய உலக வெளுப்பில் பூமியிலுள்ள பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் அந்தச் சூட்டில் மாட்டியது. நட்ட கிளைக்கும் அதே கடல்தான்.

கரையில் கிடந்த ஒரு பவளத் துண்டை எடுத்துவந்து ஷோகேஸில் வைத்திருக்கிறேன். தப்பில்லையே?
– வாசகர், திருப்பூர்

பக்கத்தில் வக்கீல் நம்பரையும் எழுதி வையுங்கள். பாறை கட்டும் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் அதே அட்டவணைதான். குறைந்தது மூன்று ஆண்டு சிறை. செத்துக் கிடந்தது என்று நீங்கள் சொல்லலாம். புலித்தோலும் செத்த பிறகுதான் கிடைக்கிறது.