முதலில் அறை, பிறகு விமானம்

கேள்வி: வாஷிங்டனுக்கு மூன்று விமான நிலையங்களாமே! எதில் இறங்கி, எங்கே தங்குவது?

பதில்: முதலில் தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்கு வருவதும் போவதும் ஒரு தரம். அறையிலிருந்து ஊருக்குள் போய்த் திரும்புவது தினமும். நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவிடம் வரை சுமார் 3 கிலோமீட்டர். நடுவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள், அனுமதி இலவசம். நாள் முழுக்க நடந்து கால் கெஞ்சும்போது மெட்ரோவை விட்டு இறங்கியதும் அறை வர வேண்டும். பொட்டோமக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ரோஸ்லின் அதற்குத் தோதான இடம். ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு ரயில் மாறாமலே போகலாம்.

உள்நாட்டு விமானம் என்றால் ரீகன் விமான நிலையம். நிலையத்தை ஒட்டியே மெட்ரோ. இந்தியாவிலிருந்து வந்தால் டல்லெஸ். ‘அது 40 கிலோமீட்டர் தள்ளியாச்சே’ என்பீர்கள். 2022 நவம்பரிலிருந்து அங்கேயும் மெட்ரோவின் சில்வர் பாதை ஓடுகிறது, ரோஸ்லின் வழியாகவே. டல்லெஸ் பக்கத்தில் மலிவாக அறை கிடைக்கலாம். ஆனால் ஊர் மையத்துக்கு ஒருவழிக்கே ஒரு மணி நேரம் போய்விடும். மூன்றாவதான பால்டிமோர் விமான நிலையத்துக்கு டிக்கெட் விலை ஆசை காட்டும். அங்கே மெட்ரோ கிடையாது, பெட்டிகளோடு பஸ், ரயில், மெட்ரோ என்று மாற வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது வேண்டாம். அறை பதிவு செய்யுமுன், மெட்ரோ நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பார்த்துவிடுங்கள்.